வெள்ளை தெரியுதே சார்

போன மாசம் ஒரு ஃப்ரேம் கடைக்குப் போயிருந்தேன். கையில ஒரு நீள அட்டை கவர், அதுக்குள்ள ரெண்டு அட்டைக்கு நடுவுல ஒரே ஒரு பேப்பர். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், உயரம் ஒரு சாண் கூட வராது. கடைக்காரர் எடுத்து முன்னாடி பார்த்தார், பின்னாடி பார்த்தார், ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சும் பார்த்தார்.

"என்ன சார் இது, பேப்பர்ல வர்ற படக்கதை மாதிரி இருக்கு?"

"ஆமாண்ணே, படக்கதைதான்."

"வெள்ளை அடிச்சது அங்கங்க தெரியுதே சார். பென்சில் கோடு வேற அழிக்காம விட்ருக்கான். இந்த ஓரத்துல பாருங்க, பசை மஞ்சளா ஊறிப் போயிருக்கு. நான் ஒன்னு பண்றேன், ஸ்கேன் எடுத்து எல்லாத்தையும் க்ளீன் பண்ணி போட்டோ பேப்பர்ல பளிச்சுனு அடிச்சுத் தர்றேன், லேமினேஷன் போட்டுட்டா ஆயுசுக்கும் ஒன்னும் ஆகாது. இத நீங்க தூக்கிப் போட்டுடலாம்."

மனுஷன் நல்ல எண்ணத்துலதான் சொன்னார். ஆனா நான் காசு குடுத்ததே அந்த வெள்ளைக்கும் பென்சில் கோட்டுக்கும்தான்னு அவர்கிட்ட எப்படிப் புரிய வைக்கிறது, வீட்லயே இன்னும் புரிய வைக்க முடியல.

சரி, அது என்னன்னு சொல்லிடறேன். ரிப் கிர்பிங்கற துப்பறிவாளரோட டெய்லி ஸ்ட்ரிப், அதாவது பேப்பர்ல தினம் ஒரு வரிசையா வர்ற படக்கதை, 1974ல அமெரிக்க நியூஸ்பேப்பர்ல ஒரு புதன்கிழமை வந்தது. அச்சுல வந்த பேப்பர் இல்ல, அச்சுக்குப் போறதுக்காக ஜான் பிரென்டிஸ் தன் கையால வரைஞ்ச அட்டை. கடைசிக் கட்டத்தோட மூலைல "6-12"னு பொடியா எழுதிருக்கு, ஜூன் 12. கீழ, ஸ்ட்ரிப்பைப் பேப்பர்களுக்கு விக்கற கம்பெனியான கிங் ஃபீச்சர்ஸோட காப்பிரைட் வரி அச்சடிச்ச ஒரு துண்டு ஒட்டிருக்கு, கடைக்காரர் சொன்ன மஞ்சள் பசை அதோடதுதான்.

நம்ம ஊர்ல முத்து காமிக்ஸ் படிச்சவங்களுக்கு ரிப் கிர்பியை அறிமுகப்படுத்தத் தேவையில்ல. மூக்குக் கண்ணாடி, பைப், கோட்டு, கூடவே முன்னாள் திருடனான பட்லர் டெஸ்மாண்ட். 1972 ஜனவரில இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்ச முத்து காமிக்ஸ் அப்புறம் காரிகன், வேதாளர், மாண்ட்ரேக்னு ஒரு படையையே சிவகாசிலேர்ந்து இறக்குச்சு இல்லையா, அதுல இந்தாளும் ஒருத்தர். நான் படிக்க ஆரம்பிச்சது எண்பதுகளோட கடைசில, அதுவும் பழைய புத்தகமா, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடைல அட்டை கிழிஞ்சது, கடைசிப் பக்கம் இல்லாதது எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும். மாயாவி வேணும்னு எல்லாரும் அடிச்சுக்குவாங்க, கிர்பி அப்படியே கெடப்பார். அதனால எனக்குக் கிர்பி. ரசனைன்னு பெருமையா சொல்லிக்கலாம்தான், ஆனா உண்மையில கையில காசு கம்மி.

கிர்பியை 1946ல ஆரம்பிச்சது அலெக்ஸ் ரேமண்ட், ஃப்ளாஷ் கார்டன் வரைஞ்ச அதே ரேமண்ட். 1956 செப்டம்பர்ல இன்னொரு ஓவியரான ஸ்டான் டிரேக்கோட புது கார்வெட் காரை ஓட்டிப் பார்க்கறேன்னு ஓட்டிட்டுப் போய் விபத்துல செத்துப் போயிட்டார். டிரேக் பக்கத்து சீட்ல இருந்தவர், அடிபட்டுப் பொழைச்சார். நாளைக்கு என்ன போடறதுன்னு தெரியாத நிலைமைல கூப்பிட்டு உட்கார வச்ச ஆள்தான் பிரென்டிஸ். வந்தவர் 1999ல சாகற வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல, 43 வருஷம் அதே கதாபாத்திரம், அவர் போனதும் ஸ்ட்ரிப்பையும் நிறுத்திட்டாங்க. இவ்ளோ வருஷம், ஞாயிறு தவிர தினம் ஒன்னுன்னா எத்தனை ஆயிரம் அட்டைன்னு நீங்களே போட்டுப் பாருங்க. அதனாலதான் என்னை மாதிரி சம்பளக்காரனுக்கும் ஒன்னு கிடைக்குது. ரேமண்ட் கை வச்சது ஏலத்துக்கு வந்தா நான் ஜன்னலை மூடிட்டுப் படுத்துக்குவேன். பிரென்டிஸ் வரைஞ்சது பல நேரம் நூறு டாலர் பக்கத்துலயே முடிஞ்சுடும்.

இப்ப அந்த 6-12ஐ கொஞ்சம் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். மூணு கட்டம். முதல் கட்டத்துல மழைல ஒரு கார். ரெண்டாவதுல டெஸ்மாண்ட் ட்ரேயோட வந்து நிக்கிறார். மூணாவதுல கிர்பி போனைக் காதுல வச்சுட்டு முகம் மாறிப் போய் நிக்கிறார், வசன பலூன்ல யாரோ என்னமோ சொல்லி கிர்பி திகைச்சுப் போறதோட நிக்குது. அச்சுல இவ்ளோதான் தெரியும். அட்டைல பார்த்தீங்கன்னா, போன் பிடிச்ச கைக்கு ஒரு அங்குலம் மேல இன்னொரு கை பென்சில்ல இருக்கு. முதல்ல ரிசீவரை உயரத்துல பிடிச்ச மாதிரி போட்டுட்டு, பலூன் இடிக்குதேன்னு கீழ இறக்கிருக்கார். கிர்பி போட்ருக்கற கோட்டோட கறுப்பு கறுப்பாவே இல்ல, விளக்கைப் பக்கவாட்டுல பிடிச்சா பிரஷ் எங்க ஆரம்பிச்சு எங்க மை தீர்ந்து மறுபடி தொட்டு வந்ததுன்னு வரிவரியாத் தெரியும். மழை இருக்கு பாருங்க, அது வெள்ளை மை இல்ல, கறுப்புக் காஞ்சதுக்கு அப்புறம் பிளேடால சர்ர்ருனு சுரண்டினது, விரல் வச்சா நெருடும் (வைக்கக் கூடாது, ஒரு தடவை வச்சேன்). டெஸ்மாண்ட் மூக்கு மட்டும் வெள்ளை பூசி ரெண்டாவது தடவை போட்டது. 43 வருஷத்துல 18வது வருஷம், அந்த மூக்கை எத்தனை நூறு தடவை போட்ருப்பார், அன்னைக்கு சரியா வரல!

இந்த அச்சுல வராத சமாச்சாரம்தான் எனக்கு மொத்த விஷயமும். காமிக்ஸ் ஒரிஜினலை வரைஞ்சவங்க யாரும் மாட்டி வைக்கறதுக்குன்னு வரையல. அது அச்சுக்கூட கேமராவுக்கு வரைஞ்சது. கேமராவுக்குக் கறுப்பு மட்டும் தெரியும், வெளிர் நீலம் தெரியாது, அதனால நீலப் பென்சில்ல அவங்க பாட்டுக்குக் குறிப்பு எழுதிட்டே போவாங்க. தப்புப் பண்ணா மேல வெள்ளையைப் பூசுவாங்க, இல்ல வேற பேப்பர்ல வரைஞ்சு வெட்டி ஒட்டுவாங்க. மார்ஜின்ல எடிட்டர் திட்டு, பக்க எண், காப்பிக் கறை எல்லாம் கெடக்கும். அமெரிக்க காமிக் புக்னா அட்டை 11க்கு 17 இன்ச், அதுல படம் 10க்கு 15, அதை அச்சுல சுருக்குவாங்க. 1967 வாக்குல வரைக்கும் அதைவிடப் பெருசாவே வரைஞ்சுட்டு இருந்தாங்க, அந்தக் காலத்துப் பக்கத்தை நேர்ல பார்த்தா காலண்டர் மாதிரி இருக்கும். சுருக்கும்போது காணாமப் போற கோடெல்லாம் ஒரிஜினல்ல உட்கார்ந்திருக்கும்.

வேலை முடிஞ்சதும் அந்த அட்டைக்கு மரியாதை என்னன்னா ஒன்னும் இல்ல. நம்மூட்ல அம்மா என் காமிக்ஸை எடைக்குப் போட்ட கதை எல்லார் வீட்லயும் இருக்கும், அதையே கம்பெனிகளும் பண்ணிருக்காங்க. தூக்கிப் போட்டது, யாராவது கேட்டா குடுத்தது, குடோன்ல அடுக்கினது. ஸ்ட்ரிப் வரையறவங்க ரசிகர் லெட்டர் போட்டாலே ஒரிஜினல்ல கையெழுத்துப் போட்டுச் சும்மா அனுப்பிருக்காங்க, இன்னைக்கும் ஏலத்துல வர்ற பாதி ஸ்ட்ரிப்ல "அன்புடன்"னு யாருக்கோ எழுதிருக்கும். மார்வெல்காரங்க எழுபதுகளோட நடுவுலதான் வரைஞ்சவங்களுக்கே பக்கத்தைத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. பழைய பக்கம்? ஜாக் கிர்பி (நம்ம ரிப் கிர்பிக்குச் சொந்தம் இல்ல, நிஜ மனுஷன்) அந்தக் கம்பெனியோட பாதி உலகத்தையே வரைஞ்சவர், பத்தாயிரம் பக்கத்துக்கு மேல இருக்கும்னு கணக்கு சொல்றாங்க. மத்தவங்களுக்கு ஒரு பக்க ஃபாரம் குடுத்துட்டு இவருக்கு மட்டும் நாலு பக்க ஃபாரத்தை நீட்டி இதுல கையெழுத்துப் போட்டாதான் தருவோம்னாங்க. பல வருஷம் இழுத்து 1987ல கைக்கு வந்தது சுமார் 1,900 பக்கம். மிச்சம் எங்க போச்சு? அதுல கொஞ்சம் இன்னைக்கும் ஏலத்துல லட்சக்கணக்கான டாலருக்குப் போகுது, வாங்கறவங்க அதைப் பத்திப் பெருசாப் பேசறதில்ல. எனக்கு வாங்கற வசதி இல்லாததால தைரியமா எழுதறேன்.

இதுக்கு நேர் எதிர் ஸ்டீவ் டிட்கோ, ஸ்பைடர்மேனை முதல்ல வரைஞ்சவர். திருப்பிக் குடுத்த ஒரிஜினல்களையே பேப்பர் வெட்டறதுக்கு அடில போடற அட்டையா வச்சிருந்தார்னு வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தவங்க எழுதிருக்காங்க. ஆனா பாருங்க, ஸ்பைடர்மேன் முதன்முதலா வந்த 1962 இதழோட 24 பக்க ஒரிஜினலையும் பேர் சொல்லாம யாரோ 2008ல அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்கு இனாமாக் குடுத்துட்டாங்க. வித்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியணும்னா, 2022 ஜனவரில ஸ்பைடர்மேன் கறுப்பு டிரெஸ் போட்டுக்கற ஒரே ஒரு பக்கம், மைக் ஜெக் 1984ல வரைஞ்சது, 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போச்சு. அன்னைய ரேட்ல 25 கோடி ரூபா. ஒரு பக்கம்! அதுக்கு முந்தின வருஷம் டின்டின்னோட ப்ளூ லோட்டஸ் புத்தக அட்டைக்குன்னு, டின்டினை உருவாக்கின எர்ஜே 1936ல வரைஞ்ச ஓவியம் பாரிஸ்ல சுமார் 32 லட்சம் யூரோ. கலர் அதிகம், அச்சுக்குச் செலவாகும்னு அப்போ வேண்டாம்னுட்ட படம் அது, பதிப்பாளர் வீட்டுப் பையன்கிட்டப் போய் மடிச்சு டிராயர்ல பல வருஷம் கெடந்துதாம். மடிப்பு இன்னும் படத்துலயே தெரியும்.

இந்த மாதிரி செய்தியைப் படிச்சுட்டு "நல்ல இன்வெஸ்ட்மென்ட்டா இருக்குமா ப்ரோ"ன்னு கேட்டு வர்றவங்களுக்கு என் பதில், தங்கம் வாங்குங்க. உண்மையாத்தான் சொல்றேன். கவர், முழுப் பக்கத்துக்கு ஒரே படமா வர்ற ஸ்பிளாஷ், டிரெஸ்ஸோட ஹீரோ இருக்கற பக்கம், இதுக்கெல்லாம் விலை கன்னாபின்னான்னு ஏறும். ஹீரோ கோட்டு சூட்டு போட்டு ஆபீஸ்ல பேசிட்டு இருக்கற பக்கம் அதே இதழ்ல அதே ஓவியர் போட்டதா இருந்தாலும் பத்துல ஒரு பங்குக்குக் கூட வரும். எனக்கு அந்தப் பேசிட்டு இருக்கற பக்கம்தான் புடிக்கும். பறக்கறதை எவனும் வரைஞ்சுடுவான், நாலு பேரை ஒரு ரூம்ல உட்கார வச்சு போரடிக்காம ஆறு கட்டம் போடறதுதான் வேலை.

இவ்ளோ பேசற நான் முதல்ல வாங்கினது டூப்ளிகேட். அதையும் சொல்லிடணும். ஒரு ஆன்லைன் சைட்ல வேதாளர் ஸ்ட்ரிப் ஒரிஜினல்னு 140 டாலர், போட்டோல பேப்பர் பழுப்பா, ஓரம் மடங்கி, பார்க்கவே பாவமா அழகா இருந்துது. வந்ததும் பிரிக்காம அப்படியே வச்சிருந்தேன், புது வீட்ல மாட்டலாம்னு. கிரகப்பிரவேசம் முடிஞ்சு மாட்டற அன்னைக்கு என் மச்சான், ப்ரின்டிங் லைன்ல இருக்கறவன், லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு ஒன்னும் பேசாம லென்ஸை என் கையில குடுத்தான். கறுப்புக் கோட்டோட ஓரம் பூரா பொடிப் பொடியா கலர் புள்ளி. இங்க்ஜெட். பழுப்பு நிறம் டீத்தண்ணி. திருப்பிக் கேக்கற கெடுவும் தாண்டிப் போச்சு. அதை இன்னும் வச்சிருக்கேன், லென்ஸ்ல என்ன தேடணும்னு புதுசா வர்றவங்களுக்குக் காட்ட.

அதுக்கப்புறம் எனக்குன்னு ஒரு வழக்கம். விக்கறவர்கிட்ட முன்பக்கத்தை விட்டுட்டு முதல்ல பின்பக்க போட்டோ கேப்பேன், அப்புறம் விளக்கை சைடுல வச்சு எடுத்த போட்டோ. அச்சுல வந்ததை மட்டும் அச்சு அசலா காட்டற ஒரிஜினல் மேல எனக்குச் சந்தேகம் வந்துடும், ஏதாவது ஒன்னு மேல கூடுதலா இருக்கணும், ஒரு அழிச்ச கோடு, ஒரு பென்சில் எண், ஒரு வெள்ளை. டேபிளுக்கு அடில லைட்டைப் போட்டு மேல பேப்பரை வச்சு இழுக்கற ஆளுங்க இருக்காங்க, நிஜ மையிலயே போடுவாங்க, லென்ஸ் வச்சாலும் மாட்ட மாட்டாங்க. ஆனா கோடு மெதுவாப் போயிருக்கும். வரைஞ்சவன் கோடு வேகமாப் போய் நுனில மெலியும், இழுக்கறவன் கோடு பயந்து பயந்து ஒரே தடிமனாப் போகும். நம்ம கையெழுத்தை வேற ஒருத்தன் போட்டா நமக்கே தெரியுமே, அந்த மாதிரிதான்.

இப்ப வர்ற புது காமிக்ஸ்ல வேற ஒரு கூத்து. பென்சில் போட்டவரோட பக்கத்தை ஸ்கேன் பண்ணி வெளிர் நீலத்துல இன்னொரு அட்டைல ப்ரின்ட் எடுத்து அது மேல இங்க் போடறாங்க, அப்போ ஒரே பக்கத்துக்கு ரெண்டு ஒரிஜினல், எது ஒரிஜினல்னு பட்டிமன்றம் வைக்கலாம். வசனமும் கம்ப்யூட்டர்ல போயிட்டதால பலூனே இல்லாம வெறும் படமா வரும். முழுக்க டேப்லெட்ல வரையறவங்ககிட்ட அட்டையே கிடையாது, நேரா ஃபைல்தான்.

ஏலத்துக்கு வருவோம். அமெரிக்கால ஞாயிறு ராத்திரி முடியற ஏலம் நமக்குத் திங்கக்கிழமை காலைல, கரெக்டா ஆபீஸ் ஸ்டாண்டப் மீட்டிங் நேரத்துல. 6-12க்கு நான் கேமராவை ஆஃப் பண்ணிட்டு மியூட்ல இருந்துட்டுதான் ஏலம் கேட்டேன், மேனேஜர் இதைப் படிக்க மாட்டார்ங்கற நம்பிக்கைல எழுதறேன். சுத்தியல் விழுந்தது 75 டாலர்ல. துள்ளிக் குதிச்சேன். அப்புறம்தான் கணக்கு, ஏலக்கம்பெனிக்கு வாங்கறவர் கமிஷன் 20 சதவீதத்துக்கு மேல, ஷிப்பிங் 60 டாலர், கார்டு கம்பெனிக்காரன் டாலரை மாத்தறதுக்குத் தனி ரேட். பார்சல் இங்க வந்ததும் கூரியர்லேர்ந்து போன், ஆதார் அனுப்புங்க, பான் அனுப்புங்க, அப்புறம் ஒரு தம்பி கூப்பிட்டு "சார், இது புக்கா பெயிண்டிங்கா?"ன்னான். ரெண்டும் இல்லப்பான்னேன். அந்தப் பதிலுக்கு மட்டும் நாலு நாள் கூடுதலா கஸ்டம்ஸ்ல கெடந்துது. இப்பல்லாம் விக்கறவர்கிட்ட முன்னாடியே "கையால வரைஞ்ச ஓவியம், இங்க் ஆன் பேப்பர்"னு பில்லுல தெளிவா எழுதச் சொல்லிடறேன். விலையைக் குறைச்சு எழுதச் சொல்றவங்களும் உண்டு, வேண்டாம், வழில தொலைஞ்சா அந்தக் குறைச்ச விலைதான் இன்ஷூரன்ஸ்ல வரும். எல்லாம் சேர்த்து என் 75 டாலர் ஸ்ட்ரிப் வீட்டு வாசலுக்கு வரும்போது கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு ஆயிருந்துது. வீட்ல 75தான் தெரியும்.

வந்ததுக்கு அப்புறம் எதிரி சென்னை வெயிலும் புழுக்கமும். ராமபாணப் பூச்சிக்கு இந்த அட்டையும் பசையும் கல்யாண சாப்பாடு. அமிலம் இல்லாத அட்டை, மைலார்ங்கற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை, சிலிக்கா ஜெல் பாக்கெட், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபேனுக்கு அடில எடுத்துப் பரப்பி மூச்சு விட விடறது, இதான் நான் பண்றது. செலோ டேப் எங்கயும் படக் கூடாது. மாட்டினா வெயில் அடிக்காத சுவர்ல மட்டும். இந்தியன் இங்க்காவது தாங்கும், மார்க்கர்ல போட்ட கறுப்பு வருஷம் போகப் போக ஊதா கலந்து பழுப்பாகிடும். லேமினேஷன் போட்டா அதோட கதை முடிஞ்சுது, சூட்டுல ஒட்டின பிளாஸ்டிக்கை உரிச்சா மையும் கூடவே வரும்.

அதனால அன்னைக்கு ஃப்ரேம் கடை அண்ணன்கிட்ட அரை மணி நேரம் நின்னேன். கண்ணாடி படத்துல படக் கூடாது, நடுவுல மவுன்ட் அட்டை வச்சு இடைவெளி விடணும், பசை போடாதீங்க, மூலைல பேப்பர் முக்கோணம் மடிச்சு அதுல சொருகுங்க, எதையும் அழிக்காதீங்க. அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ அழுக்கோடயே மாட்டணும்ங்கறீங்க"ன்னார். ஆமாண்ணே. கண்ணாடி போடறதுக்கு முன்னாடி கடை வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை சாய்ச்சுப் பிடிச்சுக் காட்டினேன், அந்த மழைக் கோட்டை. கொஞ்ச நேரம் பார்த்தார். "பிளேடு போட்ருக்கான்" அப்படின்னார். அப்புறம் கண்ணாடியை ரெண்டு தடவை துடைச்சார்.

இப்போ ஹால்ல இருக்கு. என் மனைவி முதல் தடவையா ஒழுங்கா நின்னு மூணு கட்டத்தையும் படிச்சுட்டு, "போன்ல யாரு?"ன்னு கேட்டா.

"அது அடுத்த நாள் ஸ்ட்ரிப்ல வரும். 6-13."

"அது எங்க?"

எனக்குத் தெரியல. ரெண்டு வாரம் முன்னாடி 6-14 ஏலத்துக்கு வந்துது, வெள்ளிக்கிழமை ஸ்ட்ரிப், கிர்பி ஏற்கனவே கார்ல கிளம்பிப் போயிட்டு இருக்கார். 110 டாலர் வரைக்கும் போனேன், யாரோ 120 போட்டாங்க, அதே நேரத்துல மீட்டிங்ல என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க.